தவணையில் புதுக் காரா? சொந்தத்தில் பழைய காரா?

தோட்டப்புறங்களில் ஒரு காலத்தில் கார் என்பது துரையின் பங்களா வாசலில் மட்டுமே நின்ற பொருளாகும். தொழிலாளர்கள் சைக்கிளையும், பின்னர் மோட்டார் சைக்கிளையும் நம்பியே வாழ்ந்து வந்தனர். இன்று அந்நிலை மாறிவிட்டது. ஜெஞ்சாரோம், தெலுக் பங்லிமா காராங், பந்திங், கேரித்தீவு ஆகிய இடங்களைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் வீட்டு வரிசைகளின் முன்னே கார்கள் நிற்பதைக் காண்கிறோம்.

இஃது ஆடம்பரத்தால் மட்டும் வந்த மாற்றம் அன்று. தந்தை தோட்டத்தில் வேலை செய்ய, மகன் தெலுக் பங்லிமா காராங்கிலுள்ள தொழிற்சாலைக்கும், மகள் 1998-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையத்திற்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் உண்டு. முறை வேலை முடிந்து நள்ளிரவில் திரும்புவோருக்குப் பேருந்து கிடைப்பதில்லை. நோயுற்ற முதியவரைப் பந்திங் மருத்துவமனைக்கோ, கிள்ளானிலுள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ மோட்டார் சைக்கிளில் கொண்டு செல்லவும் இயலாது. ஆகவே, கார் ஒரு தேவையாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆயினும், அத்தேவையை நிறைவு செய்துகொள்ளும் வழியில்தான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. கையில் சிறிதளவு பணம் சேர்ந்தவுடன் அதனை முன்பணமாகக் கட்டிவிட்டு, ஒன்பது ஆண்டுத் தவணையில் புதுக் கார் எடுப்பது ஒரு வழி. நல்ல நிலையிலுள்ள பழைய கார் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்வது மற்றொரு வழி. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'வாடகைக் கொள்முதல்' என்பதன் பொருள்

அமெரிக்கா போன்ற நாடுகளில் புதுக் காரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. நம் நாட்டில் பெரும்பாலான கார்கள் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழேயே வாங்கப்பட்டு வந்துள்ளன. மலாய் மொழியில் இதனை 'சேவா பெலி' என்பர். இப்பெயரிலேயே உண்மை அடங்கியிருக்கிறது. 'சேவா' என்றால் வாடகை. 'பெலி' என்றால் வாங்குதல். முதலில் வாடகை, கடைசித் தவணை முடிந்த பிறகே வாங்குதல்.

அதாவது, நம் வீட்டு வாசலில் நிற்கும் அந்தப் புதுக் கார், தவணை முழுவதும் தீரும் வரையில் சட்டப்படி கடன் கொடுத்த வங்கியின் உடைமையாகும். நாம் அதனை வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர்களே ஆவோம். அதனால்தான், சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவில் அக்காரின் மீது வங்கியின் உரிமைக் கோரிக்கையும் குறிக்கப்படுகிறது. வங்கியின் இசைவு இன்றி அதனை நாம் விற்கவோ, பிறர் கையில் ஒப்படைக்கவோ இயலாது.

ரொக்கத்திற்கு வாங்கிய பழைய காருக்கு இத்தகைய கட்டு எதுவும் இல்லை. அது பழையதாயினும் நம்முடையது.

கணக்குக் கூறுவது என்ன?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு புதுக் காரின் விலை 40,000 ரிங்கிட் என்று கொள்வோம். விலையில் பத்தில் ஒரு பங்கையாவது முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பது சட்டம். எனவே 4,000 ரிங்கிட் முன்பணம். 36,000 ரிங்கிட் கடன். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலை வட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம்.

ஓராண்டு வட்டி 1,260 ரிங்கிட். ஒன்பது ஆண்டுகளுக்கு 11,340 ரிங்கிட். கடனும் வட்டியும் சேர்ந்து 47,340 ரிங்கிட். இதனை 108 மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதத் தவணை ஏறத்தாழ 438 ரிங்கிட் ஆகிறது. முன்பணத்தையும் கூட்டினால், 40,000 ரிங்கிட் காருக்கு நாம் கொடுப்பது 51,340 ரிங்கிட்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நிலை வட்டி என்பது முதலில் வாங்கிய முழுக் கடனின் மீதே கடைசி ஆண்டு வரையிலும் கணக்கிடப்படுவதாகும். எட்டு ஆண்டுகள் கட்டி முடித்துக் கடன் குறைந்துவிட்ட பிறகும் வட்டி 36,000 ரிங்கிட்டுக்கே விதிக்கப்படுகிறது. குறைந்து வரும் நிலுவையின் மீது கணக்கிட்டால், மேலே கண்ட 3.5 விழுக்காடு உண்மையில் 6 விழுக்காட்டிற்கும் அதிகமாகிறது. வாகனக் கடன்களில் இம்முறையே பல்லாண்டுகளாக வழங்கி வந்துள்ளது. ஆகவே, கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன், "வட்டி நிலை வட்டியா, குறையும் நிலுவையின் மீது கணக்கிடப்படுவதா? மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தின் நகலைப் பெறுவதும் நமது உரிமையாகும்.

இனி, மற்றொரு குடும்பம் 10,000 ரிங்கிட் ரொக்கத்திற்கு ஒரு பழைய காரை வாங்குகிறது என்று கொள்வோம். பழுதுபார்ப்புக்கென மாதந்தோறும் 150 ரிங்கிட் ஒதுக்கி வைக்கிறது. ஐந்தாண்டுகளில் அக்குடும்பம் காருக்காகச் செலவிடுவது 19,000 ரிங்கிட். தவணையில் எடுத்த குடும்பமோ அதே ஐந்தாண்டுகளில் 30,300 ரிங்கிட் கட்டியிருக்கும்; இன்னும் 48 தவணைகளாக 21,000 ரிங்கிட்டுக்கு மேல் பாக்கி நிற்கும். அக்காருக்கு அப்பொழுது பழைய காரைவிடக் கூடுதலான விற்பனை விலை இருக்கும் என்பது உண்மையே. ஆனால், விற்று வரும் தொகையில் முதலில் வங்கியின் நிலுவை கழிக்கப்படும் என்பதை மறத்தலாகாது.

2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அச்சம்பளத்தில் 438 ரிங்கிட் என்பது நான்கில் ஒரு பங்கிற்கும் அதிகமாகும். எண்ணெய்ச் செலவு, காப்புறுதி, சாலை வரி ஆகியவை அதற்கு மேற்பட்டவை. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் கூறியது இதற்காகத்தான்.

வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தனியார் துறையில் ஓய்வு பெறும் குறைந்தபட்ச வயது 2013 முதல் அறுபது ஆகும். 53 வயதில் ஒன்பது ஆண்டுக் கடன் எடுப்பவர், சம்பளம் நின்ற பிறகும் இரண்டு ஆண்டுகள் தவணை கட்ட வேண்டியவராவார்.

தவணை தவறினால்

மழைக் காலத்தில் வேலை நாள்கள் குறையலாம். குடும்பத்தில் ஒருவர் நோயில் விழலாம். தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நேரலாம். இத்தகைய காலங்களில் தவணை தவறுவது இயல்பு. அப்போது சட்டம் நமக்கு அளிக்கும் பாதுகாப்புகளை அறிந்திருத்தல் நலம்.

தொடர்ந்து இரண்டு தவணைகள் தவறிய பிறகே வங்கி காரைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கலாம். அதற்கும் எழுத்து மூலம் 21 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டிற்கு மேல் கட்டி முடித்திருந்தால், நீதிமன்றத்தின் உத்தரவு இன்றிக் கைப்பற்ற இயலாது. காரை எடுத்தவர் காலமாகிவிட்டால், நான்கு தவணைகள் தொடர்ந்து தவறிய பிறகே கைப்பற்றலாம். காரை இழுத்துச் செல்ல வருபவர் அதற்குரிய அனுமதி அட்டையைக் காட்ட வேண்டும். கைப்பற்றிய பின்னரும் 21 நாள்கள் வரையில் நிலுவையைச் செலுத்திக் காரை மீட்டுக்கொள்ள வாய்ப்பு உண்டு.

இவை அனைத்தும் கால அவகாசங்களே. கடனைத் துடைப்பவை அல்ல. கைப்பற்றிய கார் ஏலத்தில் குறைந்த விலைக்குப் போய்விட்டால், மிச்சக் கடனை நாமே கட்ட வேண்டும். காரும் போய்க் கடனும் நிற்கும் இந்நிலையே குடும்பங்களை மிகவும் வாட்டுவதாகும். பிணையாகக் கையொப்பம் இட்ட உறவினருக்கும் இதனால் தொல்லை வரும். சொந்த உபயோகத்திற்கான காருக்குப் பலன் எதுவும் பெறாமல் பிணை நின்றவரைத் திவாலாக்க இயலாது என்று 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளித்துள்ளது. எனினும், கடனை அவரிடம் கோரும் உரிமை அழிந்துவிடவில்லை.

ஆகவே, தவணை கட்ட இயலாத நிலை வந்தால் அறிவிப்பு வரும் வரையில் காத்திராமல், முதல் மாதத்திலேயே வங்கிக்குச் சென்று நிலைமையைக் கூறித் தவணையை மாற்றியமைக்கக் கேட்பதே அறிவுடைமை.

பழைய காரின் நன்மையும் குறையும்

நம் நாட்டில் பழைய கார் வாங்குவோருக்கு ஒரு வசதி உண்டு. 1985-ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994-ஆம் ஆண்டில் பெரோடுவா காஞ்சிலும் அறிமுகமான நாள் தொட்டு, உள்நாட்டுக் கார்கள் பெருந்தொகையில் சாலைக்கு வந்துள்ளன. எனவே, சாகா, வீரா, காஞ்சில், வீவா, மைவி போன்றவற்றின் உதிரிப் பாகங்கள் சிற்றூர்களிலும் கிடைக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரியாத பட்டறைக்காரர் அரிது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வெளிநாட்டு ஆடம்பரக் காரை வாங்குவோர், அதன் ஒரு பாகத்தின் விலையைக் கேட்டதும் திகைத்துவிடுவர்.

சாலை வரியிலும் சிறிய கார் சிக்கனமானது. தீபகற்ப மலேசியாவில் 1,000 சிசி வரையுள்ள தனியார் காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட். 1,200 வரை 55 ரிங்கிட். 1,400 வரை 70 ரிங்கிட். 1,600 வரை 90 ரிங்கிட். அதற்கு மேல் வரி விரைந்து ஏறுகிறது.

15 ஆண்டுகளைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் கட்டாயமாகப் பரிசோதிக்கும் திட்டம் ஒன்று 2009-இல் அறிவிக்கப்பட்டது. பழைய கார்களை நம்பி வாழும் எளிய மக்களுக்கு அது பெருஞ்சுமையாகும் என்ற எதிர்ப்பு எழுந்ததால் அவ்வாண்டே கைவிடப்பட்டது. கட்டாயம் இல்லாததனால் பொறுப்பும் இல்லை என்று கொள்ளக் கூடாது. பரிசோதிக்கும் பொறுப்பு உடைமையாளரிடமே விடப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள்.

குறைகளையும் மறைக்காமல் கூறுவது கடமை. பழைய சிறிய கார்கள் பலவற்றில் காற்றுப் பைகளோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்போ இல்லை. விபத்தில் அவை புதுக் கார் அளவிற்குக் காப்பாற்றமாட்டா. கையில் உள்ள பணத்திற்கு இரண்டு கார்கள் கிடைக்குமானால், காற்றுப் பை உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னிருக்கையிலும் வார்ப்பட்டை அணிவது 2009 முதல் கட்டாயம். குழந்தைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். பின்னிருக்கையின் வார்ப்பட்டைகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். தக்காத்தா நிறுவனத்தின் குறையுள்ள காற்றுப் பைகள் சில ஜப்பானியக் கார்களில் பொருத்தப்பட்டு, நம் நாட்டிலும் உயிர்ச்சேதம் விளைந்தது. அத்தகைய காராயின், காற்றுப் பை மாற்றப்பட்டதா என்பதைத் தயாரிப்பாளரின் விற்பனை நிலையத்தில் கேட்டறியலாம். மாற்றித் தருவது இலவசமே.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பழைய காரைப் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத வேளையில் பார்க்க வேண்டும். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவாகாது. கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. வெள்ளத்தில் மூழ்கிய காரா? 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் தொடங்கிய பெருவெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா, கிள்ளான் வட்டாரங்களில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. தரை விரிப்பைத் தூக்கிச் சேறு படிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். இருக்கையின் கீழுள்ள இரும்பில் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் நீர்த்துளி, முழுவதும் இழுத்துப் பார்த்த வார்ப்பட்டையில் சேற்றுக் கறை, உள்ளே பூஞ்சை வாடை ஆகியவை வெள்ளத்தின் அடையாளங்கள்.

2. வெட்டி ஒட்டிய காரா? மோதி நொறுங்கிய இரண்டு கார்களின் நல்ல பாதிகளை இணைத்து ஒன்றாக்கி விற்போரும் உண்டு. கதவு ஓரங்கள், பின் பெட்டியின் அடித்தளம் ஆகியவற்றில் புதிய பற்றவைப்புத் தழும்புகளோ, நிற வேறுபாடோ இருந்தால் விலகிவிட வேண்டும்.

3. ஓடிய தூரம் உண்மையா? தூரம் காட்டும் மீட்டரைக் குறைத்து வைப்பது எளிது. மிதிகட்டை தேய்ந்து, ஸ்டீயரிங் வழவழப்பாகியிருக்கும் கார் 50,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் நம்புதற்கில்லை.

4. என்ஜின் நலமா? என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முடுக்கச் செய்து கேட்க வேண்டும். நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற படிவு இருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். டைமிங் பெல்ட் உள்ள கார்களில் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் என்ஜினே பாழாகலாம்.

5. டயரின் வயது என்ன? டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ஆண்டுகள் பல கடந்த டயர் வெடிக்கக்கூடும்.

பத்திரமும் பெயர் மாற்றமும்

காரைவிடக் காகிதத்தை இருமுறை பார்க்க வேண்டும். பதிவு அட்டையிலுள்ள என்ஜின் எண்ணும் சட்டக எண்ணும் காரிலுள்ள எண்களுடன் ஒத்திருக்க வேண்டும். வங்கியின் உரிமைக் கோரிக்கை நீக்கப்பட்டுவிட்டதா, அபராதம் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயர் மாற்றத்திற்கு முன் காரைப் பரிசோதனை நிலையத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். இப்பணிக்கென 1994-ஆம் ஆண்டில் புஸ்பாகோம் அமைக்கப்பட்டது. பெயர் மாற்றத்திற்குரியது 'பி5' பரிசோதனை எனப்படும். இது காரின் அடையாளத்தையும் கட்டமைப்பையும் உறுதி செய்வதே அன்றி, என்ஜின் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடும் என்பதற்கான உத்தரவாதம் அன்று. பெயர் மாற்றம் முடியும் வரையில் முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. காப்புறுதியும் வாங்குபவரின் பெயரிலேயே எடுக்கப்பட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'சம்போங் பாயார்' என்ற பெயரில், பிறர் எடுத்த தவணைக் காரைச் சிறு தொகை கொடுத்து வாங்கி, மீதித் தவணையைத் தாம் கட்டுவதாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. வங்கியின் இசைவு இன்றி இவ்வாறு செய்வது சட்டத்திற்கு மாறானது. வாங்கியவர் தவறாமல் கட்டி வந்தாலும் கார் அவர் பெயருக்கு வராது. எந்த நாளிலும் அது கைப்பற்றப்படலாம். கொடுத்தவரோ, வாங்கியவர் கட்டாமல் விட்ட தவணைக்கும், அக்காரால் நேரும் குற்றத்திற்கும் பதில் கூற வேண்டியவராகிறார். இருவருக்குமே இதில் இலாபம் இல்லை.

வணிகரிடம் வாங்கிய காரில் மறைக்கப்பட்ட குறை இருந்தால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வழக்கறிஞர் இன்றியே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. தனிநபரிடம் வாங்கிய காருக்கு இவ்வழி இல்லை. ஆகவே, அங்கு முன்னெச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

பராமரிப்புக்குத் தனிப் பணம்

பழைய கார் மாதத் தவணை கேட்பதில்லை. ஆனால், எதிர்பாராத நாளில் ஒரே தொகையாகக் கேட்கும். ரேடியேட்டர், பிரேக், பேட்டரி, டயர் என்று ஒவ்வொன்றாக முறை வைத்துக்கொண்டு வரும். அதற்கெனத் தனிக் கணக்கில் மாதந்தோறும் பணம் சேர்த்து வராதவர், பழுது நேரும் நாளில் வட்டி முதலையான ஆலோங்கின் கதவைத் தட்ட நேரும். வங்கித் தவணைக்கு அஞ்சிப் பழைய கார் வாங்கி, ஆலோங்கிடம் சிக்கிக்கொள்வதில் பயன் என்ன?

காப்புறுதியிலும் சிந்தனை வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயமானது. ஆனால், அது பிறருக்கு நேர்ந்த சேதத்திற்கே ஈடு தரும். நம் கார் திருடு போனாலோ, எரிந்தாலோ ஒரு சென்னும் கிடைக்காது. கூடுதலாகச் சிறிது கட்டி, தீ, திருட்டு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இழப்பீடு கோராமல் ஓட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் முதலாண்டு 25 விழுக்காட்டில் தொடங்கி, படிப்படியாக 55 விழுக்காடு வரை கழிவு உண்டு. இக்கழிவு ஓட்டுநரின் உடைமை. பழைய காரில் ஈட்டியதை அடுத்து வாங்கும் காருக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

எவருக்கு எது ஏற்றது?

நாள்தோறும் நெடுந்தொலைவு ஓட்டுபவர், நிலையான மாதச் சம்பளம் பெறும் இருவர் உள்ள குடும்பத்தினர், ஆறு மாதத் தவணையைக் கையிருப்பாக வைத்திருப்போர் ஆகியோர் புதுக் கார் எடுப்பதில் தவறில்லை. அவர்களும் கூடிய வரையில் அதிகமான முன்பணம் கட்டி, குறைந்த ஆண்டுத் தவணையைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

ஒரே சம்பளத்தை நம்பியுள்ள குடும்பத்திற்கும், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் நிறையாத இளைஞருக்கும், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவருக்கும் சொந்தமான பழைய காரே ஏற்றது. அதற்கும் கையில் பணம் இல்லையென்றால், தவணை கட்டுவதாக எண்ணிக்கொண்டு மாதம் 400 ரிங்கிட் சேமித்துப் பார்க்கட்டும். இரண்டு ஆண்டுகளில் 9,600 ரிங்கிட் சேரும். ஒரு நல்ல பழைய காருக்கு அது போதும். அத்தொகையை மாதந்தோறும் ஒதுக்க இயலவில்லை என்றால், தவணைக் கார் தமக்கு ஏற்றதன்று என்பதைக் கடனில் விழாமலேயே அறிந்துகொண்டவராவார்.

திருமண வீட்டிற்குப் புதுக் காரில் சென்று இறங்கும் பெருமை ஒரு நாளையது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை வேளையோடு கட்டும் நிம்மதியோ நெடுநாளையது. காரின் பளபளப்பைப் பார்த்து மதிப்பவர்கள் அதன் தவணையில் பங்கு கொள்ள வரமாட்டார்கள். எனவே, கையொப்பம் இடுமுன் குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து, வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து முடிவு செய்வார்களாக.